ஏற்றத்தில் மட்டும் வழுக்கும் வண்டி

முதல் தடவை அது வழுக்கியது வீட்டுக்கு ஏறும் சந்தில். பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு அட்டுவம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. நாலைந்து நொடி கழித்து ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு மேலே ஏறியது. பக்கத்து சீட்டில் வைத்திருந்த முட்டைக்கோஸ் உருண்டு கீழே விழுந்தது. வண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். வீட்டில் ஆள் இல்லாதவனுக்கு அந்த ஒரு சுதந்திரம் தாராளமாக உண்டு.

வண்டிக்கு வயது பதினெட்டு. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு டீச்சர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றது. நான் டீச்சர் இல்லை. அந்தப் பள்ளியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் உதவியாளன். தராசு, அளவுக் குடுவை, வெர்னியர் என்று சாமான்களைத் துடைத்து வைப்பது, அளவெடுக்கத் தெரியாத பிள்ளைகளைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது, இரண்டும் என் சோலி. "கண்ணை அளவுக்கு நேரா வச்சுப் பாரு, மேஜை மட்டமா இருக்கான்னு முதல்ல பாரு" என்று எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் வாங்கியது என் சொகுசுக்காக இல்லை. என் மனைவிக்கு மலைப்பாதை ஆகாது. இந்த ஊரில் இத்தனை வருஷம் குடியிருந்தும், பஸ்ஸில் ஏறி மூன்றாவது வளைவு தாண்டினால் வாந்தி. ஜீப்பிலும் அப்படித்தான், டாக்ஸியிலும் அப்படித்தான். கியர் மாற்றும்போது வண்டி வெட்டி வெட்டி இழுப்பதுதான் குடலைப் புரட்டுகிறது என்பாள். டீச்சர் வண்டியில் ஒருநாள் பெருமாள்மலை வரை போய்வந்தோம். கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை முகராமலே திரும்பி வந்தாள். அந்த வாரமே வண்டியை வாங்கினேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு முடிந்ததும் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, பிறகு யாரும் மாதக் கணக்குச் சொல்வதில்லை. நடுவில் ஒரு தடவை மருமகன் தன் காரில் கூட்டி வந்தார். பாதையெல்லாம் வாந்தி. இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். இறங்கும்போது, "இனிமே நம்ம வண்டி இல்லாம இந்த மலை ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

'நம்ம வண்டி'யோடு போய் நான் கூப்பிட்டிருக்கலாம். பழநியில் ரயிலிறங்கினால் இரண்டரை மணி நேரம். கூப்பிடவில்லை. வரவேண்டியவள் அவள், வருகிறேன் என்று அவள்தான் சொல்லவேண்டும் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் போனில் பேசுவோம். சாப்பிட்டீங்களா, மழையா, குழந்தை என்ன செய்கிறது. போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். நான் ஒருத்தன் சாப்பிட்ட தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. கழுவுவதற்கு இரண்டு நிமிஷம் ஆகும், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வண்டி வழுக்க ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும், போனில் அவளாகவே கேட்டாள்.

"காலாண்டு லீவுல இவ வீட்லதான் இருப்பா. பத்து நாள் அங்க வரட்டுமாங்க?"

"வாயேன். யாரு வேணாம்னா" என்றேன்.

"வண்டி நல்லா இருக்குல்ல?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி கெடக்கு."

பொய் சொன்னேன். கையில் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இந்த வண்டி பழநியிலிருந்து மலை ஏறவேண்டும். நடுவளைவில் நின்று, அவளை டாக்ஸிக்கு மாற்றி ஏற்றும்படி ஆனால், அதற்கப்புறம் அவள் இந்த மலைக்கு வரவே மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பஜாருக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"சார், கிளட்ச் வண்டின்னா இப்பவே கழட்டிருவேன். இது கியர் பெட்டி சமாச்சாரம். நான் கைய வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா உங்க வாயில யாரு விழுறது? மதுரைக்குக் கேட்டுப் பாருங்க."

அவர் கொடுத்த நம்பரில் மதுரை ஆளைப் பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஆயில் லெவல் பாத்தீங்களாங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கெழமை தவறாம பாக்குறேன். அளவு பாத்துத்தான் முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்குனேன்" என்றேன்.

"அப்பச் சரிங்க. உள்ள பிளேட்டு தேஞ்சு போயிருக்கும். பெட்டிய எறக்கணும். சாமான் வர ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம் என்னிடம் இல்லை. போனை வைத்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் செய்வதையே செய்தேன். ஒரு நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் வழுக்குகிறது, வண்டி எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, மழையா வெயிலா, எல்லாம் எழுதினேன். வெள்ளனே கிளம்பிப் பெருமாள்மலை வரை இறங்குவேன், டீ குடித்துவிட்டுத் திரும்பி ஏறுவேன். ஒரு வாரம் இப்படி ஒற்றையாக மலையில் இறங்கி ஏறியதைப் பார்த்து டீக்கடைக்காரர், "என்ன சார், யாரையும் தேடுறீங்களா?" என்று கேட்டார். ஒருவிதத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

நோட்டில் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இறங்கும்போது ஒரு தடவைகூட வழுக்கவில்லை. சமதளத்திலும் இல்லை. ஏற்றத்தில் மட்டும். அதுவும் ஏற ஏற அதிகம். வீட்டைவிட்டுப் போவதற்குச் சந்தோஷமாகக் கிளம்புகிற வண்டி, வீட்டுக்கு வரும்போது மட்டும் அடம்பிடித்தது. காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு வருவதற்கு அதற்கும் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். தனியாக இருந்தால் புத்தி இப்படியெல்லாம் போகும்.

ஆயிலை மறுபடி பார்த்தேன். வண்டியைச் சூடாக ஓட்டி வந்து, வீட்டு முன்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் பெட்டியின் ஆயில் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். மேல்கோடு வரை ஆயில். நிறம் கொஞ்சம் மங்கின சிவப்பு, ஆனால் கருகின வாடை இல்லை. பிளேட் எரிந்திருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று படித்திருந்தேன். அளவும் சரி, வாடையும் சரி, வண்டி மட்டும் சரியில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் போன் செய்து ரயில் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். "என் பச்சை ஸ்வெட்டர் பூச்சி அரிக்காம இருக்கா, கொஞ்சம் வெயில்ல போடுங்க" என்றாள். வராதே, வண்டி கெட்டுவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தேன். மூன்று நாளாக வெயிலே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அதில் விரித்து வைத்தேன். சாப்பிடும்போது எதிரில் அந்த ஸ்வெட்டர்தான் இருந்தது.

வேறு வழி தெரியாமல், ஆயிலையாவது புதிதாக மாற்றிப் பார்ப்போம் என்று பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய்க்கு எங்களை ரொம்ப வருஷமாகத் தெரியும். வண்டி வாங்கின நாளிலிருந்து அவரிடம்தான் ஆயில். நான் புலம்புவதையெல்லாம் கேட்டுக்கொண்டே டப்பாவைத் தேடினார்.

"லெவலு கொறஞ்சிருக்கா சார்?"

"நீங்களுமா பாய்? நெறைய இருக்கு. வாராவாரம் பாக்குறேன்."

"எங்க பாக்குறீங்க? முன்னல்லாம் நீங்களும் வீட்லம்மாவும் ஞாயித்துக்கெழமை ஏரி ரோட்டுல வண்டிய நிப்பாட்டி, பானட்ட தெறந்து வச்சுக்கிட்டு நிப்பீங்களே. இப்ப உங்கள அந்தப் பக்கம் பாக்கவே முடியலையே."

"ஆயில் பாக்க ஏரி எதுக்கு பாய்? வீட்டு வாசல்லயே பாக்குறேன்."

பாய் பணத்தை வாங்கிக்கொண்டார். டப்பாவைத் துடைத்துக் கொடுத்தார். நான் பாதி வழி வந்த பிறகுதான் அவர் கேட்டது மண்டைக்குள் இறங்க ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து பால் விடாத கட்டஞ்சாயா போட்டு, கண்ணாடி டம்ளரோடு வெளியே வந்தேன். வண்டி நிற்கும் இடத்தில் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். டம்ளர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாயா மட்டும் மட்டமாக, வீட்டுப் பக்க விளிம்பில் உயரமாகவும் ரோட்டுப் பக்க விளிம்பில் இறங்கியும் நின்றது. உள்ளே போய், சரிவு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். அதில் குமிழி நடுவில் நிற்காமல் ரோட்டுப் பக்க ஓரத்துக்கே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

இந்த ஊரில் மட்டமான வாசல் யாருக்கு இருக்கிறது? எல்லோர் வாசலும் சரிவுதான். அதிலேயே நடந்து, அதிலேயே கோலம் போட்டு, அதிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரிவு என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்கும் சரிவில் என் வண்டி தினமும் மூக்கை வீட்டுப் பக்கம் தாழ்த்தி நிற்கும். ஆயில் ஸ்டிக் இறங்குகிற குழாய் பெட்டியின் முன்பக்கம். உள்ளே இருக்கிற கொஞ்ச ஆயிலும் முன்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டு, நிறைய இருப்பதாக ஸ்டிக்கில் காட்டும். ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கியதும் அத்தனையும் பின்னால் போய்விடும். ஆயிலை உறிஞ்ச வேண்டிய இடம் காற்றை உறிஞ்சும். அதுதான் வழுக்கல். மேஜை மட்டமா பாரு, மேஜை மட்டமா பாரு என்று முப்பத்தோரு வருஷம் கத்தினவன் மூன்று வருஷமாகச் சரிவில் நின்று அளவு பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தன் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

ஏரிக்கு ஏன் போவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏரி ரோடுதான் இந்த ஊரில் நல்ல சமதளம். ஆனால் நான் அதற்காகப் போகவில்லை. அவளை வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை. வா, ஏரிக்குப் போய்வரலாம் என்று பெண்டாட்டியைக் கூப்பிட எனக்கு வாய் வராது. அதனால், "கெளம்பு, ஆயில் பாக்கணும்" என்பேன். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்வாள். ஆயில் எல்லாப் பக்கமும் பாய்வதற்காகக் கியர் கம்பியை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, "பி... ஆர்... என்... டி..." என்று சத்தமாகச் சொல்வாள். வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கு அந்த நாலு எழுத்து மட்டும் மனப்பாடம். கம்பி மறுபடி வண்டி நிற்கும் 'பி'க்கு வந்ததும் நான் ஸ்டிக்கைப் பார்ப்பேன். பிறகு ஆளுக்கொரு மக்காச்சோளம் வாங்கிக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம். அவள் போனபிறகு ஏரிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆயில் என்பது வெறும் சாக்குதானே என்று வீட்டு வாசலிலேயே பார்க்க ஆரம்பித்தேன். சாக்கு என்று நினைத்துத் தள்ளினதுதான் காரியமாக இருந்திருக்கிறது.

அப்போதே கிளம்பினேன். ஏரி ரோட்டில் நாங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு நானே கம்பியை நகர்த்தினேன். பி, ஆர், என், டி என்று என்னை அறியாமல் வாய் முணுமுணுத்தது. இறங்கிப் போய் ஸ்டிக்கை உருவினேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் ஒரு பொட்டு ஈரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோளாறு கிடைத்த சந்தோஷம் பாதி. மீதி எதனால் என்று எனக்குத் தெரியும். ஏரிக்காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒன்றரை லிட்டர் குடித்தது. இவ்வளவு ஆயில் எங்கே போனது என்று பார்க்க அன்று ராத்திரி வண்டிக்கடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டேன். காலையில் அதில் இளஞ்சிவப்பாக ஐந்தாறு சொட்டு. ஆயிலைக் குளிரவைக்கக் கொண்டுபோகிற ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. புல்லும் மழையும் இருக்கிற வாசலில் அந்தச் சொட்டுகளை நான் எப்படிப் பார்ப்பது? ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை முறுக்கினேன். மூன்று நாள் அட்டை காய்ந்தே இருந்தது. பெருமாள்மலைக்கு நாலு தடவை இறங்கி ஏறினேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

பழநி ஸ்டேஷனில் இறங்கியபோது அவள் இளைத்திருந்தாள். நான்தான் இளைத்துவிட்டதாக அவள் சொன்னாள். பாதி மலை ஏறின பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. பாதைமேலேயே கண்ணை வைத்துக்கொண்டு பேசினால் எனக்குக் கொஞ்சம் வாய் வரும். ஏரிக்குக் கூட்டிப்போனது அவளுக்காகத்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நெசமாவா? எனக்கு அந்த ஏரிக்காத்து ஆகவே ஆகாதுங்க. காதெல்லாம் அடைச்சுக்கும். சோளம் பல்லுல மாட்டிக்கும். ஒத்தையில உங்களால ஆயில் பாக்க முடியாதேன்னுதான் வந்தேன்."

வண்டி ஏறிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் அவள் மடியில் சும்மா கிடந்தது.

பத்து நாள் வீட்டில் கழுவுவதற்கு இரண்டு தட்டு விழுந்தது. அரிசி டப்பா இடம் மாறியது. நான் மூன்று வருஷமாகத் தேடின சாணைக்கல்லை அவள் வந்த அன்றே எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தடவை சண்டை போட்டோம், இரண்டும் ஒன்றுமில்லாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை அவளே, "கெளம்புங்க, ஆயில் பாக்கணும்" என்றாள். காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பி, ஆர், என், டி சொன்னாள். ஆயில் மேல்கோட்டில் நின்றது. இரண்டு பேரும் சோளம் வாங்கிக் கடித்தோம். அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே இரண்டு வாங்கினேன், அவளும் மீதி வைக்காமல் தின்றாள்.

"மாசம் ஒரு தடவையாவது இங்க வந்து பாருங்க. ஆள் இல்லேன்னு வாசல்லயே பாக்காதீங்க" என்றாள்.

மறுநாள் வெள்ளனே அவளைப் பழநிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பச்சை ஸ்வெட்டரைப் பீரோவிலேயே மடித்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அது எனக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. சவரிக்காடு தாண்டினதும், பாதைமேல் கண்ணை வைத்துக்கொண்டு, "நீ இங்கயே இருந்துரேன்" என்றேன். என் ஆயுசில் அவளிடம் நான் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

"அந்தப் புள்ளைய யாருங்க பாத்துக்குவா?" என்றாள். ஒரு வளைவு கழித்து, "நீங்க கீழ வந்துருங்களேன்" என்றாள்.

ஹாரனை அடித்து அடுத்த வளைவைத் திருப்பினேன். இந்தக் குளிரும் இந்த வீடும் இல்லாத ஒரு ஊரில், மகள் வீட்டு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். குழந்தையை விட்டுவிட்டு அவளால் வர முடியாது என்பது எனக்கும் தெரியும். யார்மேலும் குற்றம் இல்லை. அப்படி இருந்தால் கோபப்படவாவது செய்யலாம்.

கீழே பழநி தெரிய ஆரம்பித்தது. எங்கேயாவது ஒரு வளைவில் கொஞ்சம் வழுக்கேன், நின்றுதொலையேன், ரயில் போகட்டும் என்று வண்டியிடம் மனசுக்குள் கெஞ்சினேன். ஆயில் நிறைய இருந்தது, கிளிப் இறுக்கமாக இருந்தது, எல்லாம் என் கையால் நானே சரிசெய்தது. சரிசெய்யாமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இறக்கத்தில் அந்த வண்டி ஒருநாளும் வழுக்கியதில்லை.